சொந்த வீடு இல்லாதவர்களுக்கான அரசு உதவிகள்: யாரிடம், எப்படிக் கேட்பது?

வீடு இல்லாதவர் என்றதும் நம் கண்முன் வருபவர் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் அவரைத்தான் வீடற்றவர் என்று எண்ணியது. சாலையோரம், பாலத்தடி, ரயில் நிலையம், வழிபாட்டுத் தலங்களின் வாசல் என்று கூரையில்லாமல் வாழ்பவர்கள் நாடு முழுவதும் சுமார் 17.7 லட்சம் பேர் என்றது அந்தக் கணக்கு. ஆனால் நமது மஹல்லாக்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வராதவர்கள். ஒரே வீட்டை நடுவில் சேலை கட்டிப் பிரித்துக்கொண்டு மூன்று குடும்பங்கள் வாழும். புறம்போக்கில் கீற்றுக் கொட்டகை போட்டு இருபது வருடங்களாக இருப்பார்கள். கணவரை இழந்தபின் அண்ணன் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளோடு ஒதுங்கியிருக்கும் சகோதரிகளும் உண்டு. அரசின் வீட்டு வசதித் திட்டங்கள் இந்த இரு வகையினருக்கும் உண்டு. ஆனால் தட்ட வேண்டிய கதவுகள் வெவ்வேறு. எந்தக் கதவு யாருக்கு என்பது தெரியாமலேயே பலர் வருடக்கணக்கில் அலைகிறார்கள். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து அதை இங்கே விளக்குகிறோம்.

இன்று இரவு தங்க இடம்

தெருவில் இருப்பவருக்கு முதல் தேவை வீட்டுத் திட்டம் அல்ல, இரவுத் தங்குமிடம். உச்ச நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டு உத்தரவுகளுக்குப் பிறகு, நகரங்களில் வீடற்றோர் காப்பகம் நடத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாகிவிட்டது. 1 லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு நிரந்தரக் காப்பகம் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் அளவுகோல். அது வருடம் முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும். சென்னை மாநகராட்சியில் ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், முதியோர், மனநலம் பாதிக்கப்பட்டோர் எனத் தனித்தனியாகக் காப்பகங்கள் உள்ளன. வெளியூரிலிருந்து நோயாளியோடு வந்து அரசு மருத்துவமனை வராண்டாவில் படுத்துக் கிடக்கும் உறவினர்களுக்கென்றே சில பெரிய மருத்துவமனைகளின் வளாகத்தில் காப்பகம் இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. சென்னையில் 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்கு அழைத்து, இன்ன இடத்தில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று சொன்னால் போதும். மற்ற ஊர்களில் நகராட்சி, மாநகராட்சி அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

காப்பகத்தில் சேர்வதால் இன்னொரு பயனும் உண்டு. முகவரி இல்லாதவருக்கு ஆதார் இல்லை, ஆதார் இல்லாதவருக்கு எதுவுமே இல்லை என்ற முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதார் பதிவுக்கு ஆவணமாக ஏற்கிறார்கள்.

வாக்காளர் அட்டையில் இதைவிட எளிதான விதி இருக்கிறது. வீடற்றவர் முகவரிச் சான்று எதுவும் தர வேண்டியதில்லை. தாம் இரவில் தூங்கும் இடத்தை விண்ணப்பத்தில் எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அங்கே வந்து அவர் உண்மையிலேயே அங்குதான் தூங்குகிறாரா என்று பார்த்துப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டல். அலுவலருக்கே இது தெரியாமல் இருக்கலாம், பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாம் பட்டாவில் தொடங்குகிறது

கிராமத்திலோ சிறிய ஊரிலோ வீடு கட்ட அரசு தரும் பணம், மனை உள்ளவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே மனை இல்லாதவர் முதலில் கேட்க வேண்டியது வீட்டுமனைப் பட்டா. விண்ணப்பம் வட்டாட்சியருக்குப் போகும்; கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் அறிக்கை தருவார்கள். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும், ஆண்டுக்கு ஒருமுறை வட்ட அளவில் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். மனு எண் எழுதிய ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வரக்கூடாது. அடுத்த முறை போகும்போது அந்த எண்தான் பேசும்.

ஏற்கெனவே குடியிருக்கும் இடம் புறம்போக்கு என்றால், அது எந்த வகைப் புறம்போக்கு என்று பார்க்க வேண்டும். குளம், ஏரி, வாய்க்கால் போன்ற நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடைக்காது. அங்கே எத்தனை வருடம் வீட்டுவரி, மின் கட்டணம் கட்டியிருந்தாலும் அது உரிமை ஆகாது. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்த வழி இருக்கிறது. சென்னையைச் சுற்றிய பெல்ட் ஏரியாவிலும் மற்ற மாவட்ட நகரங்களிலும் இப்படிக் குடியிருக்கும் சுமார் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா தர 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை முடிவு செய்தது. கிராம நத்தத்தில் பரம்பரையாக இருப்பவர்கள் நத்தம் பட்டாவைக் கேட்டு வாங்க வேண்டும்.

வக்ஃப் நிலத்தில் குடியிருப்பவர்களின் நிலை வேறு. பள்ளிவாசல் அல்லது தர்கா இடத்தில் தரை வாடகை கட்டிக்கொண்டு தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்கள் பல ஊர்களில் உண்டு. அந்த நிலம் அவர்களுக்குச் சொந்தமாகாது, அதற்கு அவர்கள் பெயரில் பட்டா வாங்கவும் முடியாது. ஆகவே அந்த இடத்தைக் காட்டி வீட்டு மானியம் கேட்டால் விண்ணப்பம் நிற்காது. ஒருவருக்கு வீடு தேவை என்பதற்காக வக்ஃபை எழுதிக் கொடுக்க எந்த முத்தவல்லிக்கும் அதிகாரம் இல்லை. இந்தக் குடும்பங்கள் வேறிடத்தில் இலவச மனைப் பட்டாவுக்கு மனு செய்வதுதான் வழி. அதற்கான மனுவை ஜமாஅத் நிர்வாகமே முன்னின்று கொடுக்கலாம்.

பங்கு பிரிக்காத வீடு

"எங்க வாப்பாவுக்கு வாப்பா பேர்லதான் பட்டா இருக்கு, ஹஜ்ரத்." வீட்டு மானியம் பற்றிப் பேச ஆரம்பித்தால் நாம் அதிகம் கேட்கும் வாக்கியம் இது. மனை இருக்கிறது, குடும்பம் அதில் குடியிருக்கிறது, ஆனால் விண்ணப்பிப்பவர் பெயரில் ஒரு காகிதமும் இல்லை. நம்மவர்கள் திட்டங்களைத் தவறவிடுவதற்குப் பெரிய காரணம் ஏழ்மையோ பாகுபாடோ அல்ல, இந்தப் பிரிக்கப்படாத மீராஸ்தான் என்று நாம் கருதுகிறோம்.

இதைச் சரிசெய்ய வேண்டிய வரிசை இது. இறந்தவரின் இறப்புச் சான்று. பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று. பிறகு ஷரீஅத் முறைப்படி யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு. அதன்படி பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம். கடைசியில் தனிப் பட்டாவுக்கான மாறுதல் மனு. ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்குள் செய்யப்படும் இந்தப் பத்திரங்களுக்கான கட்டணம், விலைக்கு வாங்கும் பத்திரத்தைவிடப் பல மடங்கு குறைவு. இரண்டு தலைமுறை பிரிக்காமல் விட்டிருந்தால் வாரிசுகள் பதினைந்து, இருபது பேர் ஆகிவிடுவார்கள். அதில் நாலு பேர் வளைகுடாவில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. இதனால்தான் மய்யித்தை அடக்கிய அதே வருடத்தில் பங்கைப் பிரித்துவிடுங்கள் என்கிறோம். பிரிக்கும்போது சகோதரிகளின் பங்கை "அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அவர் வேண்டாம் என்று சொன்னாரா, சொல்ல வைக்கப்பட்டாரா என்பது ஒருபுறம் இருக்கட்டும். பதிவு செய்த பத்திரம் இல்லாமல் அந்த வார்த்தை வருவாய்த் துறையில் செல்லாது.

ஹிபாவிலும் இதே சிக்கல் வருகிறது. வாயால் சொல்லி, கையில் ஒப்படைத்து, மற்றவர் ஏற்றுக்கொண்டால் ஹிபா நிறைவேறிவிடும் என்பது முஸ்லிம் தனியார் சட்டம். சொத்து மாற்றச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் இதற்கு இடம் தருகிறது. நீதிமன்றம் வரை போனால் நிற்கும். ஆனால் பட்டா மாற்றவும் மானியம் வாங்கவும் போகும் அலுவலகத்தில் பத்திர எண்தான் கேட்பார்கள். ஆகவே வாய்மொழி ஹிபாவோடு நிறுத்தாமல் தானப் பத்திரமாகப் பதிந்துவிடுவது நல்லது.

கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற ஊர்களில் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்த வழக்கத்தால் எத்தனை தந்தைகள் கடனாளி ஆகிறார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். மணமான மகள் உம்மா வீட்டிலேயே இருந்தாலும் அவரும் அவர் கணவரும் தனிக் குடும்பம். உம்மா பெயரில் வீடு இருப்பது அவர்களின் விண்ணப்பத்துக்குத் தடையல்ல.

கிராமப்புறத் திட்டங்கள்

கிராமப்புறத்தில் இரண்டு திட்டங்கள் முக்கியம். ஒன்று, 2016இல் தொடங்கிய மத்திய அரசின் பிரதமர் கிராமப்புற வீட்டு வசதித் திட்டம். சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். இதில் மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்கென்று மாநில அரசு தனியாகக் கூடுதல் தொகை தருகிறது. கழிப்பறைக்கு 12 ஆயிரம் ரூபாய் உண்டு. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலும் அதற்குப் பின் நடந்த ஆவாஸ் பிளஸ் கணக்கெடுப்பிலும் பெயர் உள்ளவர்களுக்கே ஒதுக்கீடு. திட்டம் 2028-29 வரை நீட்டிக்கப்பட்டபோது சில தடைகள் நீக்கப்பட்டன. இருசக்கர வாகனம், குளிர்சாதனப் பெட்டி, மீன்பிடிப் படகு வைத்திருந்தால் தகுதியில்லை என்ற பழைய விதி இப்போது இல்லை. மாத வருமான வரம்பும் 10 ஆயிரத்திலிருந்து 15 ஆயிரமாக உயர்ந்தது. பைக் இருக்கிறது என்று முன்பு ஒதுக்கப்பட்டவர்கள் மறுபடி கேட்க வேண்டும்.

இரண்டாவது, 2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம். குடிசையில் இருப்பவர்களுக்கு 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்று இலக்கு வைத்து, 2024-25இலும் 2025-26இலும் ஆண்டுக்கு 1 லட்சம் வீடுகள் அறிவிக்கப்பட்டன. பட்டியலை ஊராட்சி அளவில் தயாரித்து கிராம சபையில் வைப்பார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடும். நம்மவர்கள் அந்தக் கூட்டத்துக்குப் போவதே குறைவு. போகாதவர் பெயர் பட்டியலில் ஏன் இல்லை என்று பிறகு யாரைக் கேட்பது?

பணம் மொத்தமாக வராது. அடித்தளம், ஜன்னல் மட்டம், கூரை, முடிவு என்று ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகு வங்கிக் கணக்கில் தவணையாக வரும். இங்கேதான் ஏழைகள் விழுகிறார்கள். கையில் முதல் இல்லாததால் அடித்தளம் போடவே கந்துவட்டிக்கு வாங்கி, வீடு முடிவதற்குள் மானியத்தில் பாதியை வட்டியாகக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பிழை, 360 சதுர அடிக்கு அனுமதி வாங்கிவிட்டு 600 சதுர அடிக்கு வானம் தோண்டுவது. லிண்டல் மட்டத்தில் பணம் தீர்ந்து, செங்கல் சுவரில் செடி முளைத்து நிற்கும் வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. அனுமதித்த அளவில் கட்டி, மேலே பின்னால் எழுப்பும் விதமாக அடித்தளத்தை மட்டும் பலமாகப் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கட்டட வேலை செய்பவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து, பதிவைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். சொந்த மனை உள்ள உறுப்பினர்களுக்கு வாரியம் 4 லட்சம் ரூபாய் வரை வீட்டு உதவி தருகிறது. கொத்தனார், பெயிண்டர், டைல்ஸ் வேலை, எலக்ட்ரீஷியன் எல்லோரும் இதில் வருவார்கள். டாம்கோவில் வீட்டுக் கடன் கிடைக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். டாம்கோ கடன்கள் தொழிலுக்கும் கல்விக்குமானவை.

நகரத்தில் இருப்பவர்களுக்கு

நகரங்களுக்கான பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கியது. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருப்பவர்கள் நலிந்த பிரிவு. குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் கல்வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன்பெற்றிருக்கக் கூடாது. வீடு குடும்பத் தலைவியின் பெயரில் அல்லது கணவன் மனைவி இருவர் பெயரில் இருக்கும். கைம்பெண்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் முன்னுரிமை. சொந்த மனையில் தாமே கட்டுபவருக்கு மத்திய, மாநில அரசுகளின் பங்கு சேர்ந்து 2.5 லட்சம் ரூபாய்.

மனை இல்லாதவர்களுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பு. இதைக் கட்டுவது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் இந்தப் பெயர் பெற்றது. ஆட்சேபகரமான இடத்திலிருந்து அகற்றப்படும் குடும்பங்களுக்கே முதல் ஒதுக்கீடு. மீதமுள்ள வீடுகளுக்கு மாவட்டங்களில் அவ்வப்போது முகாம் நடத்தி விண்ணப்பம் வாங்குகிறார்கள். இங்கே பயனாளி தன் பங்காக ஒரு தொகை கட்ட வேண்டும். திட்டத்துக்குத் திட்டம் இது மாறும், பல இடங்களில் 1 லட்சத்தைத் தாண்டும். முழுத் தொகையும் கட்டி முடித்தபின் விற்பனைப் பத்திரம் வாங்கினால்தான் வீடு சொந்தம். ஒதுக்கீட்டு ஆணையோடு நிறுத்திவிட்டவர்கள் ஏராளம். ஒதுக்கீடு பெற்றவர் அதைப் பத்திரத்தாளில் எழுதி வேறொருவருக்கு விற்பது செல்லாது. அப்படி வாங்கியவர் கட்டிய பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. இடத்தையும் யோசிக்க வேண்டும். சென்னை நகருக்குள்ளிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டவர்கள் பட்ட பெரிய கஷ்டம், பிழைப்பு பழைய இடத்திலேயே தங்கிவிட்டதுதான். பிள்ளைகளின் பள்ளி, பேருந்து, வேலைக்குப் போகும் தூரம் மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்தத் திட்டத்தில் வட்டி மானியம் என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. 25 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாயை ஐந்து ஆண்டுத் தவணைகளில் தருவார்கள். அது வட்டிக் கடனை எடுத்தவருக்கான சலுகை. வட்டியில் விழாமல் வீடு வேண்டும் என்பவர்களுக்கு மேலே சொன்ன இரண்டு பிரிவுகளிலும் கடன் வாங்க வேண்டிய கட்டாயமே இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். "அரசு வீடு என்றாலே லோன்தானே" என்று ஒதுங்கிப் போகிறவர்கள் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறோம்.

ஜகாத்தை இதில் எப்படிச் சேர்ப்பது

அரசின் பணத்துக்கும் முழு வீட்டுக்கும் இடையில் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். பயனாளி கட்ட வேண்டிய பங்கு, அடித்தளத்துக்கான முதல், கடைசியில் கதவுக்கும் மின் இணைப்புக்கும் ஆகும் செலவு. ஒரு முழு வீட்டை பைத்துல்மால் கட்டிக் கொடுக்க ஆகும் பணத்தில் ஐந்தாறு குடும்பங்களின் பள்ளத்தை நிரப்பிவிடலாம். வருடத்துக்கு ஒரு வீடு கட்டித் திறப்பு விழா நடத்தும் ஜமாஅத்துகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஜகாத் பணத்தில் செய்வதாக இருந்தால் சில நிபந்தனைகள். ஹனஃபி மத்ஹபில் ஜகாத்தைப் பெறுபவருக்கு அது உரிமையாக்கப்பட வேண்டும். ஆகவே தொகையை ஏழையின் கையில் கொடுத்து அவரே கட்டும்படி செய்யலாம். ஜமாஅத் தன் பெயரில் வீட்டை வைத்துக்கொண்டு "இருந்துகொள்ளுங்கள்" என்று சொன்னால் ஜகாத் நிறைவேறாது. வக்ஃப் நிலத்தில் ஏழைகளுக்கென்று கட்டும் குடியிருப்புக்கும் இதே காரணத்தால் ஜகாத் பொருந்தாது; அதற்கு ஸதகா, லில்லாஹ் நிதியைப் பயன்படுத்த வேண்டும். ஒரே நேரத்தில் நிஸாபை எட்டும் தொகையை ஒருவருக்குக் கொடுப்பது மக்ரூஹ் என்று ஹனஃபி நூல்களில் வருகிறது. கடனாளிக்கும், பிரித்தால் தலைக்கு நிஸாபைவிடக் குறைவாக வரும் பெரிய குடும்பத்துக்கும் இதில் விலக்கு உண்டு. கட்டட நிலைக்கு ஏற்பத் தவணையாகக் கொடுத்தால் இந்தச் சிக்கலே எழாது. ஷாஃபிஈ மத்ஹபில் ஏழையின் ஆயுள் தேவை நிறைவேறும் அளவுக்கே கொடுக்க இடமிருப்பதால் வீட்டுக்குப் பெரிய தொகை கொடுப்பதில் அந்தத் தடை இல்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடித்தள முதலுக்கு ஜகாத்கூடத் தேவையில்லை, அழகிய கடன் போதும். அரசுத் தவணை வங்கிக்கு வந்ததும் அவர் திருப்பிக் கட்டுவார், அதே பணம் அடுத்த வீட்டின் அடித்தளத்துக்குப் போகும். கணக்கு எழுதத் தெரிந்த இரண்டு பேரும் ஒரு சிறு நிதியும் இருந்தால் எந்த மஹல்லாவிலும் இதைத் தொடங்கலாம்.

விலைக்கு மனை வாங்குபவர்கள்

சீட்டுப் போட்டும் நகையை விற்றும் சிறிய மனை வாங்குபவர்கள் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று, விற்பவர் பெயரிலேயே பட்டா, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய 2016 முதல் தடை இருக்கிறது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளை மட்டுமே வரன்முறைப்படுத்த முடியும். மனைவி பெயரில் வாங்கினால், 10 லட்சம் மதிப்புக்குள் உள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

போக்கியத்துக்கு வீடு பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லட்சக்கணக்கில் முன்பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பது, கடனுக்குப் பகரமாகப் பலன் அனுபவிப்பது என்ற வகையில் மார்க்க ரீதியாகச் சிக்கலானது. உலக ரீதியாகவும், பதிவு செய்யாத ஒப்பந்தத்தில் கொடுத்த அந்தப் பணத்தை வீட்டுக்காரர் திருப்பித் தராமல் இழுத்தடிக்கும்போது காட்ட ஆதாரம் இருக்காது. அந்தப் பணம் கையில் இருந்தால், முன்பே சொன்ன பயனாளி பங்குக்கு அதைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

விண்ணப்பத்துக்குக் கையில் வைத்திருக்க வேண்டியவை: கணவன், மனைவி இருவரின் ஆதார், குடும்ப அட்டை, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, பட்டா அல்லது மனை இல்லை என்பதற்கான கிராம நிர்வாக அலுவலரின் சான்று. பெயர் எல்லாவற்றிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முஹம்மது, முகமது, மொஹமட் என்று மூன்று ஆவணத்தில் மூன்று விதமாக இருந்தால் பணம் வங்கி வரை வந்து திரும்பிப் போகும். பெயர் சேர்க்க, படம் எடுக்க, தவணை விடுவிக்க என்று யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் ஊராட்சி ஒன்றிய வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ ஆட்சியரிடமோ எழுத்தில் புகார் கொடுங்கள், அந்த மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.